கஜாவில் விழுந்த பலா: டேபிள் சாவிலிருந்து பலகை எகிறி வந்து அடித்தது, எங்கே தவறினேன்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். தஞ்சாவூரை அடுத்த எங்கள் வீட்டுக் கொல்லையில், முன்பு மாட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தைச் சிறிய மரவேலைப் பட்டறையாக மாற்றி, கடந்த ஓராண்டாக ஸ்டூல், புத்தக அலமாரி என்று ஏதாவது செய்து வருகிறேன். பேராவூரணிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோப்பில் நின்ற பெரிய பலா, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது வேரோடு சாய்ந்தது. அப்பா நட்ட மரம் என்பதால் அதை விறகுக்கு விற்க மனம் வரவில்லை. மரவாடியில் கொடுத்து ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்து, இத்தனை காலம் அடுக்கி வைத்திருந்தேன். வருகிற தை மாதம் பேத்தியின் கல்யாணம். அந்தப் பலாவில் இரண்டு மனைப் பலகை செய்து கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

என்னிடம் இருப்பது மூடப்பட்ட ஒரு நாற்காலிப் பட்டறையிலிருந்து வாங்கிய பழைய டேபிள் சா, அதாவது மேஜையின் நடுவே வட்ட பிளேடு எழும்பி நிற்கும் அறுவை இயந்திரம். 10 அங்குல பிளேடு, 2 குதிரைத்திறன் மோட்டார், பெல்ட் ஓட்டம். பிளேடுக்கு மேல் மூடி இல்லை, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. சென்ற ஞாயிறு நான்கு அடிப் பலகை ஒன்றை நெடுவாக்கில் அறுத்தேன். முக்கால் பங்கு போனதும் அறுத்த வாய் (பிளேடு போன பிளவு) தானாக மூடிக்கொண்டது, மரம் கருகும் வாசனை வந்தது. நான் இன்னும் சற்று அழுத்தித் தள்ளினேன். அடுத்த கணம் பலகை மேஜையிலிருந்து எழும்பி என் விலாவுக்குக் கீழே அடித்து, பின்னால் இருந்த சுவரில் மோதி விழுந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. விலாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிவிட்டது. மருத்துவரிடம் காட்டினேன், எலும்பு முறியவில்லை. விரலைப் பற்றி மட்டுமே இத்தனை நாள் பயந்திருந்தேன், பலகை என்னை நோக்கி வரும் என்று நினைத்ததே இல்லை. எங்கே தவறினேன் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அரசலாறு எழுதியது:

ஐயா, உங்களுக்குப் பெரிய காயம் இல்லை என்பது நிம்மதி. நான் கும்பகோணம் பக்கம் மூன்று தலைமுறையாகத் தச்சு வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். உங்களுக்கு நடந்ததைப் பட்டறையில் 'எதிரடி' என்று சொல்லுவோம், இப்போதைய பிள்ளைகள் 'கிக்பேக்' என்கிறார்கள். டேபிள் சாவில் விரலை இழந்தவர்கள் சிலருடைய கதையைக் கேட்டால்கூட அதுவும் எதிரடியில்தான் தொடங்கியிருக்கும்: பலகை திடீரென்று நகர, அதைத் தாங்கியிருந்த கை பிடிமானம் இழந்து பிளேடின் மேல் விழுந்திருக்கும்.

முதலில் பிளேடு சுற்றும் திசையைப் பாருங்கள். உங்கள் பக்கத்துப் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன, அதனால் அவை மரத்தை மேஜையோடு சேர்த்து அழுத்துகின்றன. பின்பக்கத்துப் பற்கள் மேஜைக்கு அடியிலிருந்து மேலே எழும்பி, உச்சியைத் தாண்டி உங்களை நோக்கி வருகின்றன. அறுபட்ட மரம் அந்தப் பின்பற்களைத் தொடாதவரை தொல்லையில்லை. தொட்டுவிட்டால், பின்பற்கள் அதைத் தூக்கி, பிளேடின் விளிம்பு வேகத்தை நெருங்கக்கூடிய வேகத்தில் நிற்பவர் மேல் எறியும். உங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் 5 அங்குலப் புல்லியும் பிளேடு தண்டில் 3 அங்குலப் புல்லியும் இருந்தால், பிளேடு 4,800 சுற்று ஓடும். அப்போது 10 அங்குல பிளேடின் விளிம்பு வேகம் வினாடிக்குச் சுமார் 64 மீட்டர், அதாவது மணிக்கு 230 கிலோமீட்டர். மனிதக் கை அதற்கு முன்னால் விலகிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கவே கூடாது. (புல்லியின் அளவை அளந்து, பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்றை உங்கள் இயந்திரம் மீறவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய இயந்திரங்களில் யாராவது புல்லியை மாற்றியிருப்பார்கள்.)

அறுத்த வாய் ஏன் மூடியது என்பதற்கு உங்கள் கதையிலேயே விடை இருக்கிறது. நேராக நின்று வளர்ந்த மரத்திலும் உள்ளிழுவை, அதாவது நாருக்குள் அடைபட்ட விசை, கொஞ்சம் உண்டு. சாய்ந்து வளர்ந்த மரத்திலும், கிளைக் கட்டையிலும் அது மிக அதிகம். பலா, மா, பூவரசு போன்ற அகன்ற இலை மரங்கள் சாய்ந்து வளரும்போது, மேல்பக்கத்தில் இழுவிசை தாங்கும் நாரை வைத்துத் தம்மை நிமிர்த்திக்கொள்ளப் பார்க்கும். அந்த இழுவை பலகையானபின்பும் உள்ளேயே கட்டுண்டு கிடக்கும். நீங்கள் நெடுவாக்கில் பிளக்கும்போது கட்டு அவிழ்ந்து, இரண்டு பாதிகளும் வெளிப்பக்கம் விரியும், அல்லது உட்பக்கம் ஒடுங்கிப் பிளேடைக் கவ்வும். எத்தனை ஆண்டு உலர்த்தினாலும் இது முழுதாகப் போகாது. அறுத்த முகத்தைத் தடவிப் பாருங்கள், பஞ்சு போல நார் எழும்பியிருந்தால் அந்த இடம் இழுவை மரம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புயலில் வளைந்து விழுந்த மரத்துக்குள் குறுக்குவாட்டில் மயிரிழை முறிவுகள் இருக்கலாம். மனையின் மேல் மணமக்கள் உட்காரப் போகிறார்கள், ஆகவே பலகையைச் சீவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, குறுக்குக் கோடு தென்படாத பகுதியை மட்டும் எடுங்கள்.

இப்போது உங்கள் இயந்திரத்தில் இல்லாத பொருளுக்கு வருகிறேன். மேல்மூடி இல்லை என்று எழுதினீர்கள். அதைவிட முக்கியமாக, பிளேடின் முதுகுக்குப் பின்னால் பிறை வடிவில் நிற்க வேண்டிய இரும்புத் தகடு, 'ரிவிங் நைஃப்' என்பது, இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லை என்றே நினைக்கிறேன், இருந்திருந்தால் அது வாயை மூடவிடாமல் நடுவில் நின்றிருக்கும். அந்தத் தகடு பிளேடின் உடலைவிடச் சற்றுத் தடிமனாகவும், பற்கள் அறுக்கும் அகலத்தைவிடச் சற்று மெல்லியதாகவும் இருக்க வேண்டும். உடல் 2 மில்லிமீட்டர், பல் அகலம் 3 மில்லிமீட்டர் என்றால், தகடு இரண்டரை. பல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே 3 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி. தகட்டின் தலை, பிளேடின் உச்சியைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், மரத்தில் காடி (நீள் பள்ளம்) எடுக்கும்போதுகூட அதைக் கழற்ற வேண்டிய அவசியம் வராது.

பழைய இயந்திரத்தில் இதைப் பொருத்த முடியுமா என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. உங்களுடையதில் பிளேடு ஏறி இறங்குகிறதா, மேஜை ஏறி இறங்குகிறதா? மேஜை நகரும் வகை என்றால் உங்களுக்கு நல்ல காலம். பிளேடு இடம் மாறாததால், சட்டத்தோடு ஒரு தாங்கியைப் போல்ட்டில் இறுக்கி, லேத் பட்டறையில் வெட்டிய தகட்டை அதில் பொருத்தினால் இடைவெளி எப்போதும் மாறாது. பிளேடு ஏறி இறங்கும் வகை என்றால், தகடும் தண்டோடு சேர்ந்து ஏறி இறங்குமாறு அந்த நகரும் பகுதியிலேயே பொருத்த வேண்டும். மேஜையில் வெறுமனே நட்டுவைத்த தகடு, பிளேடைத் தாழ்த்தியதும் விலகி நின்று பயனற்றுப் போகும்.

கொள்ளிடம் எழுதியது:

அரசலாறு அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் முப்பது ஆண்டுகளாக மூடியும் தகடும் இல்லாத மேஜையில்தான் நான் வேலை செய்கிறேன், பத்து விரலும் இருக்கின்றன. மூடி போட்டால் கோடு தெரியாது, கவனம் பிளேடிலிருந்து மூடிக்குப் போய்விடும். மரத்தின் சத்தம் மாறுவதைக் காது கேட்டதும் கை தானாகத் தளர வேண்டும், அந்தப் பழக்கமே பாதுகாப்பு என்பது என் கருத்து.

அரசலாறு எழுதியது:

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். கோடு தெரியவில்லை என்பதற்காக மேல்மூடியைச் சில வேலைகளுக்குக் கழற்றுவதையாவது என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. தகட்டைக் கழற்றுவதற்கு அந்தக் காரணம்கூட இல்லை, ஏனென்றால் அது பிளேடின் நிழலிலேயே, அறுத்து முடித்த வாய்க்குள் நிற்கிறது, எதையும் மறைப்பதில்லை. நீங்கள் சொல்லும் காதுப் பழக்கம் முப்பது ஆண்டுகளில் வருவது. வாத்தியார் ஐயா மேஜை முன் நின்று ஓர் ஆண்டுதான் ஆகிறது. என் சித்தப்பா உங்களைப் போலவே தேர்ந்தவர். இருபத்தெட்டாவது ஆண்டில், மழைக்காலத்தில் ஊறிய ஒரு வேப்பஞ்சட்டம் அவரது இடது கையின் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. அன்று அவர் காதும் கையும் சரியாகத்தான் இருந்தன, மரம் கொடுத்த நேரம் போதவில்லை. நான் முதலில் என் மேஜைக்குத் தகடு பொருத்தியது அந்த வாரத்தில்.

கொள்ளிடம் எழுதியது:

உங்கள் சித்தப்பாவுக்கு நேர்ந்ததைக் கேட்டு வருந்துகிறேன். தகட்டைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் மேஜை நகரும் வகைதான், பொருத்துவது பெரிய வேலை இல்லை. வெண்ணாற்றங்கரை ஐயா ஃபென்ஸை, அதாவது பலகையை ஒட்டி நகர்த்தும் வழிகாட்டிச் சட்டத்தை, சரிபார்த்தாரா என்பதையும் கேட்க வேண்டும். வாய் மூடாவிட்டாலும், ஃபென்ஸின் பின்முனை பிளேடை நோக்கி ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் போதும், பலகை ஃபென்ஸுக்கும் பின்பற்களுக்கும் நடுவே ஆப்பு போலச் சிக்கும். மின்சாரத் தொடர்பைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸால் குறியிட்டு, மேஜைக் காடியிலிருந்து அந்தப் பல்லுக்கு முன்பக்கத்தில் அளவெடுங்கள். பிளேடைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளந்தால், பிளேடு காடிக்கு இணையாக இருக்கிறதா என்று தெரியும். பிறகு ஃபென்ஸையும் அதே காடிக்கு இணையாக வையுங்கள். ஒரே பல்லை அளப்பது முக்கியம், பிளேடில் நெளிவு இருந்தால் வேறு வேறு பல் வேறு வேறு அளவு காட்டும்.

பாமணியாறு எழுதியது:

மூத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் மன்னார்குடி. டேபிள் சா வாங்க வசதி இல்லாததால், 4 அங்குல மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி, பிளைவுட் பலகையில் துளையிட்டுத் தலைகீழாகப் பொருத்தி வைத்திருக்கிறேன். சுவிட்சை டேப் ஒட்டி அழுத்தியே வைத்து, சுவர் ஸ்விட்சில் ஓட்டுகிறேன். மெல்லிய ரீப்பர்கள் நன்றாக அறுபடுகின்றன. இதற்கும் தகடு பொருத்தலாமா? விரல் பட்டதும் தானே நிற்கும் இயந்திரம் வந்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன், அது உண்மையா?

அரசலாறு எழுதியது:

தம்பி, உன் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த மேஜையை இன்றே பிரித்துவிடு என்று உன் அண்ணனாகக் கேட்டுக்கொள்கிறேன். மார்பிள் கட்டர் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று ஓடும், கல்லை அறுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் மூடி பிளேடின் மேல்பாதியை மறைப்பதற்கு வைத்தது. தலைகீழாகத் திருப்பியதும் அந்த மூடி மேஜைக்கு அடியில் போய்விட, வெறும் பற்கள் உன் பக்கம் நிற்கின்றன. டேப் ஒட்டிய சுவிட்சைப் பற்றி மின்வேலை தெரிந்தவர்கள் எழுதினால் நல்லது. ரீப்பர் அறுக்க, அதே பணத்தில் ஒரு நல்ல கைரம்பமும், ஒரு முழ நீளத்துக்கு நேர்சட்டமும் இரண்டு கிளாம்பும் வாங்கிக்கொள். மரத்தை அசையாமல் கட்டிவிட்டு ரம்பத்தை நகர்த்தும் முறை, கைக்கு எவ்வளவோ பத்திரமானது.

தானே நிற்கும் இயந்திரம் உண்மைதான். அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999இல் கண்டுபிடித்து, 'சாஸ்டாப்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிளேடில் ஒரு சிறு மின்குறிப்பு ஓடிக்கொண்டிருக்கும், உடல் பட்டதும் அது மாறும், உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாய்ந்து, வினாடியில் இருநூறில் ஒரு பங்குக்குள் பிளேடை நிறுத்திவிடும். அந்தக் கட்டையையும் பெரும்பாலும் பிளேடையும் பிறகு மாற்ற வேண்டும். ஈர மரம் பட்டாலும் அது தவறாக இயங்கக்கூடும். பலகை எகிறுவதை அது தடுக்காது, அதற்கு அங்கும் தகடுதான்.

குடமுருட்டி எழுதியது:

நான் மின்பணியாளர், பாபநாசம் பகுதியில் பம்புசெட் வேலை அதிகம் பார்ப்பவள். பாமணியாறு தம்பி எழுதிய டேப் விஷயம் என்னை உறங்கவிடவில்லை. நம் பகுதியில் மின்சாரம் போய் வருவது யாருக்கும் புதிதில்லை. அறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது, சுவிட்சை அணைக்க மறந்து, சிக்கிய மரத்தைப் பிடித்து இழுக்கிறீர்கள், அந்த நேரத்தில் மின்சாரம் திரும்பி வருகிறது. டேப் ஒட்டிய சுவிட்சும், சாதாரண டம்ளர் சுவிட்சும் இதில் ஒன்றுதான், பிளேடு உடனே ஓடத் தொடங்கும்.

இதற்கான மருந்து நம் எல்லாருடைய போர்வெல் கொட்டகையிலும் தொங்குகிறது. பம்புசெட்டின் பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த ஸ்டார்ட்டருக்குள் ஒரு காயில் (மின்காந்தச் சுருள்) இருக்கும். மின்சாரம் இருக்கும்வரை அது தொடுப்பைப் பிடித்திருக்கும், மின்சாரம் போனதும் விட்டுவிடும், திரும்பி வந்தாலும் யாராவது பச்சையை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. அதே போன்ற ஒற்றைமுனை ஸ்டார்ட்டரை டேபிள் சாவுக்குப் பொருத்துங்கள். 2 குதிரைத்திறன் ஒற்றைமுனை மோட்டார் முழுச்சுமையில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், ஓவர்லோடு ரிலேயை (மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் துண்டிப்பது) மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு வைத்து, தானாக மீளும் நிலையில் இல்லாமல் கையால் மீட்கும் நிலையில் விடுங்கள். வயலில் மின்சாரம் வந்ததும் தானே ஓடட்டும் என்று பலர் பம்புக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெட்டியைக் கழற்றி ரம்பத்துக்கு மாட்டிவிடாதீர்கள். சிவப்புப் பொத்தானை மேஜையின் முன்விளிம்பில், தொடையால் தட்டி நிறுத்தும் உயரத்தில் வையுங்கள், ஏனென்றால் ஆபத்து வரும்போது இரண்டு கையும் மரத்தில் இருக்கும்.

குறை மின்னழுத்தத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் வலிமை ஏறக்குறைய 60 சதவீதம்தான் மிஞ்சும். பிளேடு திணறும், நாம் மரத்தைக் குற்றம் சொல்லி அழுத்தித் தள்ளுவோம். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நேரத்தில் தடித்த பலகையை அறுக்காதீர்கள். மண் தரையும் மழை ஈரமும் உள்ள கொட்டகை என்பதால் நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும்.

வெட்டாறு எழுதியது:

செவிலியராகப் பணியாற்றுகிறேன், சுருக்கமாக இரண்டு சொல்கிறேன். வேட்டியோடும் தோளில் துண்டோடும், கையில் கயிறு, மோதிரத்தோடும் பிளேடு அருகே நிற்காதீர்கள். கையுறையும் வேண்டாம், நூல் சிக்கினால் கையோடு இழுக்கும். காலுக்கு மூடிய காலணி, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு என்95 முகக்கவசம் அவசியம்.

விரல் துண்டாகிவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து 108ஐ அழையுங்கள். துண்டான விரலை ஈரமாகப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து எடுத்து வாருங்கள். ஐஸ் நேரடியாக விரலில் பட்டால் திசு கெட்டுவிடும். விரலைத் தண்ணீரில் ஊறப் போட்டுக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுவும் தவறு. பட்டறையில் தனியாக வேலை செய்யாமல், கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் மேஜை நகரும் வகை. தகடு இல்லை. அளந்து பார்த்ததில் ஃபென்ஸின் பின்முனை பிளேடை நோக்கி ஒன்றரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. அறுத்த முகத்தில் அரசலாறு ஐயா சொன்ன பஞ்சு நாரும் இருந்தது. அன்று நான் வேட்டிதான் கட்டியிருந்தேன். இரண்டு ஐயங்கள்: பிளேடை எவ்வளவு உயரம் வைப்பது? மீதமுள்ள பலகைகளை இந்த மேஜையில் அறுக்கவே கூடாதா?

அரசலாறு எழுதியது:

உயரத்தைப் பற்றித் தச்சர்களிடையே இரண்டு கட்சி உண்டு. தாழ்த்தி வைத்தால் வெளியே தெரியும் பல் குறைவு, ஆனால் பற்கள் மரத்தைக் கிடைமட்டமாக உங்களை நோக்கித் தள்ளும். உயர்த்தினால் பற்கள் கீழ்நோக்கி அழுத்தும், ஆனால் கைக்கு அருகில் அதிகப் பல் நிற்கும். தகடும் மூடியும் இருக்கும் மேஜையில், மரத்துக்கு மேலே ஒரு பல் உயரம் தெரியுமாறு வைப்பது என் வழக்கம்.

புயல் பலாவின் முதல் பிளவை மட்டும் இந்த மேஜையில் செய்யாதீர்கள். வாடியின் பேண்ட் சாவுக்கு (நாடா ரம்பம்) கொண்டுபோங்கள். அங்கே நாடா மேலிருந்து கீழே ஓடுவதால், மரத்தை மேஜையில்தான் அழுத்தும், ஆளை நோக்கி எறியாது. தேவைக்கு அரை அங்குலம் கூடுதலாகப் பிளந்து, இரண்டு வாரம் அடுக்கி வைத்து, கோணிக்கொள்வது கோணிக்கொள்ளட்டும். பிறகு இழைப்புளியால் ஒரு முகத்தை மட்டமாகவும், ஒரு விளிம்பை நேராகவும் சீவிய பின்னரே டேபிள் சாவுக்கு வாருங்கள். வளைந்த விளிம்பு ஃபென்ஸோடு ஒட்டி நகராது, குழிந்த பலகை மேஜையில் ஆடும். நீங்கள் பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பிளேடைச் சுற்றி ஆறு அங்குலத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டு, அதற்குள் கைக்குப் பதில் தள்ளுகட்டை மட்டும் போகட்டும். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் உள்ள துண்டைத்தான் கடைசிவரை, பிளேடைத் தாண்டும்வரை தள்ள வேண்டும். பாதியில் விட்டுவிட்டால் அது அங்கேயே நின்று பின்பற்களுக்கு இரையாகும். மறுபடியும் வாய் மூடினால் மரத்தைப் பின்னால் இழுக்காதீர்கள். தொடையால் சிவப்பை அழுத்தி, பிளேடு முழுதும் நின்றபின் வாயில் ஆப்பு அடியுங்கள். அடைமழைக் காலத்தில் மேஜை துரு பிடித்துச் சொரசொரப்பானால் மரம் வழுக்காது, அழுத்தித் தள்ள நேரும். துருவைத் தேய்த்துவிட்டு மெழுகு பூசுங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். தகட்டை லேத் பட்டறையில் இரண்டரை மில்லிமீட்டர் இரும்பில் வெட்டிப் பொருத்தினேன். குடமுருட்டி சகோதரி சொன்ன ஸ்டார்ட்டரை எங்கள் ஊர் மின்பணியாளர் மாட்டிக் கொடுத்தார், மெயினை அணைத்துப் போட்டு மூன்று முறை சோதித்தோம், மோட்டார் தானாக ஓடவில்லை.

பலகைகளை வாடிக்குக் கொண்டுபோனேன். பேண்ட் சாவிலும் அதே பலகை பாதியில் வாயை மூடியது. அறுப்பவர் நிதானமாக நாடாவை நிறுத்தி, இரண்டு ஆப்பு அடித்துவிட்டுத் தொடர்ந்தார். பிளந்த இரண்டு பாதிகளையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, நுனிகள் ஒட்டிக்கொண்டு நிற்க, நடுவில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அந்த விசை முழுவதும் அன்று என் விலாவுக்கு முன்னால் அடைபட்டிருந்தது என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன். அந்தப் பலகையை ஒதுக்கிவிட்டேன். வேறொரு பலகையில், குறுக்குக் கோடு இல்லாத இடமாகப் பார்த்து மனைக்கு எடுத்து, சீவி, நேற்று மாலை நான்கு மணிக்கு, விளக்கெரியும் நேரத்துக்கு முன்பே டேபிள் சாவில் இறுதி அளவுக்கு அறுத்தேன். மருமகள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்தபடியே தகட்டைக் கடந்து போனது. மனையின் கால்களுக்கான துண்டுகள் ஒரு சாண் நீளம்கூட இல்லை என்பதால் அவற்றைக் கைரம்பத்தில் அறுத்துக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது.